கொட்டகலையில் 12 பேர்ச், 60 லட்சம்: முற்பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இதுதான்: கொட்டகலைப் பக்கம், பெரிய ரோட்டிலிருந்து கொஞ்சம் மேலே ஏறினால் 12 பேர்ச் காணியில் 15 வருடப் பழைய வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 60 லட்சம் சொல்கிறார்கள். 5 லட்சம் முற்பணம் கொடுத்தால் மூன்று மாதம் நிறுத்தி வைப்பார்களாம். அப்பா, அம்மா இன்னும் தோட்டத்து லயத்தில். இந்த வீட்டை வாங்குவதா, தோட்டத்தில் தரும் 7 பேர்ச்சில் கட்டுவதா?

முற்பணத்தை இன்றைக்குக் கொடுக்காதீர்கள். வீடு நல்ல வீடாகவே இருக்கலாம். ஆனால் உங்களுக்குக் காட்டுவது டைல்ஸும் பெயின்டும் முன்வாசலும். மலைநாட்டில் நீங்கள் காசு கொடுப்பது முதலில் ஒரு சரிவுக்கு, அடுத்தது அந்தச் சரிவில் இறங்கும் தண்ணீருக்கு, பிறகு ஒரு காணி உறுதிக்கு. கட்டடம் கடைசி. கட்டடத்தில் உள்ள குறையை மேசன் பாஸ் ஒருவரை வைத்துத் திருத்திவிடலாம். மற்ற மூன்றும் பிழையாக இருந்தால் காசு போட்டும் திருத்த முடியாமல் போகும். அதனால் பார்ப்பதும் அதே வரிசையில் இருக்கட்டும்.

காணியை மழையில் பாருங்கள். கொட்டகலை, ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனை எல்லாம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவ மழை வாங்கும் பக்கம். பதுளை, பசறை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் என்றால் ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரைக்கும் கனமழை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியது 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் சரிந்த இடங்களை எல்லோரும் பார்த்தோம். விற்பவர் பெப்ரவரி வெயிலில் கூட்டிப் போனால் எந்தக் காணியும் அழகாகத்தான் தெரியும். மழைக்காலம் வரை காத்திருக்க முடியாவிட்டால், மழை விட்டுப்போன அடையாளங்களைத் தேட வேண்டும்.

முன்வாசலால் நுழையாமல் நேரே வீட்டின் பின்பக்கம் போங்கள். வீடு கட்டச் சரிவை வெட்டியிருப்பார்கள். அந்த வெட்டு முகத்துக்கும் குசினிச் சுவருக்கும் இடையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று நாடாவால் அளந்து எழுதுங்கள். மேடு 10 அடி உயரமாக இருந்து இடைவெளி 3 அடியாக இருந்தால், மேடு உடையும் நாளில் மண் விழுவது குசினிக்குள். மேட்டின் உயரமளவுக்காவது இடைவெளி இருந்தால் நிம்மதி. அது இல்லாத இடத்தில் ஒழுங்கான தாங்குசுவர் கட்டாயம் வேண்டும். மலைநாட்டில் மழைக்காலத்தில் அடிக்கடி வீடுகளை உடைப்பது பெரிய மண்சரிவுகளைவிட இந்தச் சின்ன வெட்டுமேடுகள்தான். ஆனாலும் வாங்குகிறவர்கள் பலர் பின்பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை.

பிறகு மேட்டுக்கு மேலே ஏறுங்கள். விளிம்புக்கு இணையாக, அரைவட்டம் போல நிலத்தில் வெடிப்பு ஓடுகிறதா? மரங்களின் அடி சாய்ந்து, நுனி மறுபடி நேராக வளர்ந்திருக்கிறதா? கரண்ட் கம்பம், வேலிக்கட்டை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? முன்பு இல்லாத இடத்தில் ஊற்று கசிகிறதா, தெளிவாக வந்த பீலித் தண்ணீர் கலங்கி வருகிறதா? இவற்றில் ஒன்று இருந்தால் சந்தேகம். இரண்டு இருந்தால் பொறியியலாளர் பார்க்காமல் ஒரு சதம் கொடுக்கக் கூடாது. வீட்டுக்குள் மூலைக்கு மூலை சரிந்து ஓடும் வெடிப்பு, ஒரு பக்கம் மட்டும் இறுகும் கதவு, தரைக்கும் சுவருக்கும் நடுவே விரல் போகும் இடைவெளி ஆகியவையும் அதே கதையைத்தான் சொல்லும். புதுச் சீமெந்து பூசி வெடிப்பை மறைத்திருந்தால், மேற்பூச்சின் நிற வித்தியாசம் சாய்வெயிலில் தெரியும். காலை 8 மணிக்கோ மாலை 4 மணிக்கோ போங்கள்.

கண்ணால் பார்த்தது போதாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலைநாட்டு மாவட்டங்களுக்கு மண்சரிவு அபாய வரைபடங்கள் போட்டிருக்கிறது; இணையத்திலும் பார்க்கலாம். சரிவு ஏற்படச் சாத்தியம் குறைந்த இடம் முதல் பெரும்பாலும் சரியக்கூடிய இடம் வரை நான்கு தரம் பிரித்திருப்பார்கள். வரைபடம் ஒரு பகுதியைப் பற்றிச் சொல்லும், உங்கள் 12 பேர்ச்சைத் தனியாகச் சொல்லாது. அதற்கு அந்நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பித்து அந்த இடத்துக்கான மண்சரிவு ஆபத்து மதிப்பீட்டு அறிக்கையை எடுக்க வேண்டும். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டட அனுமதி கேட்கும்போது பிரதேச சபை இந்த அறிக்கையைக் கேட்கும். ஆகவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, "இந்த வீடு கட்டும்போது எடுத்த அறிக்கை இருக்கா?" என்பதுதான். இருந்தால் அதில் போட்ட நிபந்தனைகளை வாசியுங்கள். "பின்பக்கம் தாங்குசுவர், மேலே கான் (வடிகால்)" என்று எழுதியிருந்து, இரண்டும் அங்கே இல்லாவிட்டால் அந்த வேலையின் செலவை விலையிலிருந்து கழிக்கச் சொல்லிப் பேசலாம். பழைய அறிக்கை இருந்தாலும் டித்வாவுக்குப் பிறகு அந்த இடத்தை யாராவது வந்து பார்த்தார்களா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

தாங்குசுவர் இருந்தால் அது எப்படி நிற்கிறது என்று கிட்டப் போய்ப் பாருங்கள். சுவரில் குழாய்த் துளைகள் இருக்க வேண்டும்: 3 அங்குலக் குழாய், 4, 5 அடிக்கு ஒன்று, வெளிப்பக்கம் கொஞ்சம் சரிவாக. மழை பெய்து மறுநாள் அந்தத் துளைகளில் தண்ணீர் சொட்டினால் சுவர் வேலை செய்கிறது. துளைகள் காய்ந்து கிடக்க, சுவரின் உடம்பு நனைந்து பாசி பிடித்திருந்தால் உள்ளே தண்ணீர் அடைபட்டு நிற்கிறது. அது எவ்வளவு பாரம் என்று பாருங்கள்: இரண்டு மீற்றர் உயரச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் முழுசாக நிரம்பினால், ஒவ்வொரு மீற்றர் நீளத்துக்கும் தண்ணீர் மட்டுமே ஏறத்தாழ இரண்டு தொன் தள்ளும். மண்ணின் பாரம் அதற்கு மேலே. 30 அடிச் சுவர் என்றால் 18 தொன். நடுவில் வயிறு தள்ளிய சுவரை இந்தத் தள்ளல்தான் அப்படி ஆக்கியிருக்கும். அதற்கு மேலே பூசி நேராக்கிப் பயனில்லை.

புதிதாகக் கட்ட வேண்டி வந்தால் சொல்லி வையுங்கள்: கருங்கல் கட்டின் அடி அகலம் உயரத்தில் பாதியாவது வேண்டும், அத்திவாரம் வெட்டி நிரப்பிய மண்ணில் அல்லாமல் இறுகிய நிலத்தில் இறங்க வேண்டும், சுவருக்குப் பின்னால் ஓர் அடிக் கனத்துக்குச் சல்லிக்கல் நிரப்ப வேண்டும். அந்தச் சல்லிக்கல்லைத்தான் செலவு என்று விட்டுவிட்டு வெட்டின மண்ணையே திரும்பக் கொட்டுவார்கள். இரண்டு மழைக்காலத்தில் துளைகள் சேற்றில் அடைபட்டுப் போகும். 5 அடிக்கு மேலே போகும் சுவரைப் பாஸின் அனுபவத்தை மட்டும் நம்பிக் கட்டாதீர்கள். பொறியியலாளர் போட்டுத் தரும் ஒரு வரைபடத்தின் செலவு, சுவரின் செலவோடு பார்க்கையில் சொற்பம்.

மேட்டுக்கு மேலே குறுக்காக ஒரு கான் வேண்டும். தேயிலை மலையில் கான் வெட்டுகிற குடும்பத்துக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்கு மேலே வெட்டும் கான் சீமெந்து பூசியதாக இருக்க வேண்டும். வெறும் மண் கான் தண்ணீரைத் தேக்கி நேரே மேட்டுக்குள் இறக்கிவிடும். கூரைத் தண்ணீரும் அப்படியே. 1,000 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 9,300 லீற்றர் தண்ணீர். கூரைப் பீலி இல்லாத வீட்டில் அத்தனையும் அத்திவாரத்து ஓரத்தில் இறங்குகிறது. பீலி, இறங்குகுழாய், அங்கிருந்து கான், கானிலிருந்து ஓடை அல்லது மதகு என்று கடைசி வரை கால்நடையாகத் தொடர்ந்து பாருங்கள். கீழ்வீட்டுக்காரரின் மேட்டில் போய் முடிந்தால் ஒருநாள் சண்டை வரும், அல்லது அந்த மேடு இறங்கி உங்கள் முற்றமும் கூடவே போகும். மலசலகூடக் குழியும் வீட்டுக்குக் கீழ்ப்பக்கமாக, தாங்குசுவருக்கு மேலே வராதபடி, ஊற்றிலிருந்தோ கிணற்றிலிருந்தோ 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும்.

குடிதண்ணீர் சபைக் குழாயிலா, சமூக நீர்த்திட்டத்திலா, மேலே இருக்கும் ஊற்றிலா? ஊற்று என்றால் அது யாருடைய காணியில் இருக்கிறது, குழாய் யாருடைய காணியால் வருகிறது, அந்த உரிமை உறுதியில் எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். வாய்வார்த்தையில் வந்த தண்ணீர், மேல்காணி கைமாறும் நாளில் நின்றுபோகும். வறண்ட மாதத்தில் ஒரு 10 லீற்றர் வாளியை வைத்து நேரம் பாருங்கள். ஒரு நிமிடத்தில் நிரம்பினால் ஒரு நாளைக்கு 14,400 லீற்றர். ஒரு குடும்பத்துக்குத் தாராளம். 20 நிமிடம் எடுத்தால் 720 லீற்றர். தாங்கி இல்லாமல் சமாளிக்க முடியாது.

இனி உறுதி. பேச்சில் ஒப்பு என்று சொல்வோமே, அதுதான். நிலம் சம்பந்தமான விற்பனையோ விற்பதாகச் செய்யும் ஒப்பந்தமோ நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு கைச்சாத்திட்டால்தான் சட்டத்தில் செல்லும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆகவே வெள்ளைத் தாளில் முத்திரை ஒட்டி "5 லட்சம் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தரும் துண்டை வைத்து, அந்த வீட்டை எனக்கே விற்க வேண்டும் என்று நீங்கள் கேட்க முடியாது. அதிகம் போனால் காசைத் திருப்பிக் கேட்டு வழக்காடலாம். முற்பணம் கொடுப்பதாக இருந்தால் நொத்தாரிசு முன்னால் விற்பனை ஒப்பந்தம் எழுதி, காணிப் பதிவகத்தில் பதிந்து கொடுங்கள்.

பதிவை லேசாக எடுக்காதீர்கள். ஒரே காணியை இரண்டு பேருக்கு எழுதிக் கொடுத்து, இரண்டாமவர் உரிய விலை கொடுத்து வாங்கி முதலில் பதிந்துவிட்டால், முந்தி எழுதிப் பதியாமல் வைத்திருந்த உறுதி அவருக்கு எதிரே தோற்றுப்போகலாம். உறுதி எழுதிய பிறகு "பதிவு முடிந்ததா?" என்று நொத்தாரிசிடம் கேட்டு, பதிவு இலக்கத்தோடு வாங்கிக்கொள்ளும் வரை உங்கள் வேலை முடியவில்லை.

பதிவகத்தில் 30 வருடத்துப் பதிவேட்டுப் பிரதிகளை எடுத்து ஒரு சட்டத்தரணியிடம் கொடுங்கள். அவர் விற்பவரின் நொத்தாரிசாக இருக்கக் கூடாது. அவர் பார்க்க வேண்டியவற்றில் மலைநாட்டில் அடிக்கடி மாட்டும் சிலவற்றைச் சொல்கிறேன். ஒன்று, பிரிபடாத பங்கு. "மூன்றில் ஒரு பங்கு" என்று உறுதி சொல்லும், ஆனால் வேலி போட்டு 12 பேர்ச் என்று காட்டுவார்கள். மற்றப் பங்காளிகள் பிரிவினை வழக்குப் போட்டால் வேலி மாறும், வீடு நிற்கும் இடமே வேறொருவருக்குப் போகலாம். இரண்டு, அரச அனுமதிப்பத்திரக் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரத்தையோ அளிப்பையோ பிரதேச செயலகத்தின் சம்மதமில்லாமல் கைமாற்ற முடியாது. மூன்று, நன்கொடை உறுதி. கண்டியச் சட்டத்துக்கு (கண்டியச் சிங்களவரின் வழக்குச் சட்டம்) உட்பட்டவர் ஒருவர் நன்கொடையாகக் கொடுத்த காணி என்றால், மீளப்பெறும் உரிமையை அவர் அந்த உறுதியிலேயே தெளிவாகக் கைவிட்டிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். நான்கு, அற்றோணித் தத்துவம். வெளிநாட்டில் இருப்பவரின் சார்பில் இன்னொருவர் விற்றால், அந்தத் தத்துவம் பதியப்பட்டதா, ரத்தாகவில்லையா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதை நேரில் அல்லது வீடியோ அழைப்பில் உறுதிசெய்யுங்கள். அவர் இறந்திருந்தால் தத்துவமும் அன்றோடு முடிந்தது.

தேயிலைக் காணியை உடைத்து விற்ற துண்டு என்றால் இன்னொன்று. 100 ஏக்கருக்கு மேற்பட்ட தேயிலை, இறப்பர், தென்னந்தோட்டங்களைத் துண்டாட 1958ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். அந்த அனுமதியையும் துண்டுபிரித்த வரைபடத்துக்குச் சபை கொடுத்த அங்கீகாரத்தையும் கேளுங்கள்.

பிரதேச சபையில் தெருக்கோட்டுச் சான்றிதழ், காணி சுவீகரிக்கப்படவில்லை என்ற சான்றிதழ், வரி கட்டிய ரசீது, அங்கீகரித்த வீட்டு வரைபடம், வரைபடப்படி கட்டியதற்கான இணக்கச் சான்றிதழ் ஆகியவற்றையும் பாருங்கள். பிற்காலத்தில் சேர்த்துக் கட்டிய அறை வரைபடத்தில் இல்லாவிட்டால் வங்கி அதற்கு விலை போடாது. ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஏறும் பாதை யாருடையது, எத்தனை அடி அகலம் என்று உறுதியிலும் நில அளவை வரைபடத்திலும் எழுதியிருக்க வேண்டும். வெறும் படிக்கட்டுப் பாதை என்றால் நாளைக்கு ஒரு கியூப் மணல் ஏற்றவும் ஆள்கூலி தனி. அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கூட்டிப்போய் எல்லைக்கற்களை மறுபடி காட்டச் சொல்லுங்கள். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. 12 பேர்ச் 3,267 சதுர அடி. வேலிக்குள் அது இருக்கிறதா என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

தோட்டத்து 7 பேர்ச்சுக்கு வருகிறேன். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு பெருந்தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992க்குப் பிறகு கம்பனிகளிடம் கொடுத்தது நிர்வாகத்தையும் குத்தகையையும்தான். அதனால் லயத்துக் காம்பராவையோ அதற்குப் பின்னால் உள்ள மரக்கறித் தோட்டத்தையோ பக்கத்து வீட்டுக்காரர் கடிதம் எழுதி உங்களுக்கு விற்க முடியாது. அப்படிக் காசு கொடுத்தவர்கள் கையில் இருப்பது கடிதம் மட்டும். ஆனால் வீடமைப்புத் திட்டத்தில் முறையாகக் கொடுக்கும் 7 பேர்ச் வேறு விஷயம். அப்பாவின் பெயர் பட்டியலில் இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: இடத்துக்குக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சம்மதம் இருக்கிறதா, காணி உறுதி பதிவகத்தில் பதியப்படுமா, விற்கவோ ஈடு வைக்கவோ எத்தனை வருடத் தடை. உறுதியில் அம்மாவின் பெயரும் சேர்ந்திருக்கட்டும். இதைக் கேட்க வேண்டிய இடங்கள் தோட்ட அலுவலகம், பிரதேச செயலகம், 2018ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பெருந்தோட்டப் பிராந்தியப் புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபை.

மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் 7 பேர்ச்சில் 550 சதுர அடியில் சின்னதாகக் கட்டுவதே என் விருப்பம். உறவும் கோயிலும் பக்கத்தில் இருக்கும், கடனும் குறையும். உறுதி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாவிட்டால், வெளிக் காணியைத் தேடுவது நியாயம்.

காசுக்கணக்கு: 60 லட்சத்துக்கு முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். மொத்தம் 2,39,000 ரூபாய். நொத்தாரிசுக்குப் பொதுவாக ஒரு வீதம் அளவில். விலையைக் குறைத்து எழுதி வரியை மிச்சம் பிடிக்கச் சொல்வார்கள். மாகாண இறைவரித் திணைக்களம் சந்தை விலையைப் பார்த்து மீதியைக் கேட்கும், வங்கிக் கடனும் அந்தக் குறைந்த தொகையால் அடிபடும். அப்பாவின் ஊழியர் சேமலாப நிதியில் 10 வருடத்துக்கு மேற்பட்ட பங்களிப்பும் 3 லட்சத்துக்குக் குறையாத மீதியும் இருந்தால், வீட்டுத் தேவைக்கு 30 வீதம் வரை ஓய்வுக்கு முன்பே எடுக்கலாம். வங்கிக்குப் போகுமுன், பழைய கடன்களைக் காட்டும் உங்கள் கிரிப் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். பழைய லீசிங் தவணை ஒன்று அதில் தலைகாட்டினால் முதலில் அதை முடியுங்கள்.

வட்டி 2022 கடைசியில் ஏறிய உயரத்திலிருந்து வெகுவாக இறங்கிவிட்டது, அதனால் வீட்டுக்கடனுக்கு ஆட்கள் திரும்ப வருகிறார்கள். ஆனால் மாறும் வட்டிக் கடனில் 30 லட்சம், 15 வருடம், 12 வீதம் என்றால் மாதம் 36,000. அதே கடன் 16 வீதமானால் 44,000. இரண்டாவது தொகையைக் கட்ட முடியுமா என்று பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். வாங்கும் எண்ணம் உறுதியாக இருந்தால் கடனுக்கு விண்ணப்பிப்பதில் இன்னொரு நன்மை: வங்கியின் சட்டத்தரணியும் உறுதியைப் பார்ப்பார். வங்கி மறுத்தால் காரணத்தைக் கேளுங்கள். அநேகமாக அது பாதை, பங்கு, வரைபடம் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

கட்டடத்தில் ஈரத்தைப் பாருங்கள். சந்தேகமான சுவரில் ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப்பக்கம் வியர்த்தால் ஈரம் உள்ளிருந்து வருகிறது, கானையும் அத்திவாரத்தையும் பார்க்க வேண்டும். அறைப்பக்கம் வியர்த்தால் காற்றில் உள்ள ஈரம் குளிரில் படிவது. ஜன்னலும் காற்றோட்டமும் போதும். மின்சாரத்தில் ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழ வேண்டும். புவித்தொடர்புக் கம்பி மண்ணுக்குள் போவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். கூரைச் சட்டங்கள் சுவரோடு இரும்பால் கட்டப்பட்டிருக்கின்றனவா என்று மேலே ஏறிப் பாருங்கள்.

ஒப்பந்தம் எழுதும்போது முற்பணத்தை 5 லட்சத்திலிருந்து குறைத்துக் கேளுங்கள். கூடவே ஒரு நிபந்தனை எழுதுங்கள்: மண்சரிவு அறிக்கை பாதகமாக வந்தாலோ, உறுதியில் குறை தெரிந்தாலோ, இத்தனை நாளுக்குள் முழுப் பணமும் திரும்ப வேண்டும். இந்த வரியை எழுதச் சம்மதிக்காத விற்பவரிடம் வாங்க வேண்டாம்.

குடிபோன பிறகு முற்றத்தில் வாயும் அடியும் ஒரே அகலமான தகர டின் ஒன்றைத் திறந்த வெளியில் வையுங்கள். காலையில் அடிமட்டத்தால் அளந்து கொட்டுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் சாமான் கட்டித் தயார், 150 என்றால், அல்லது ஒரு மணி நேரத்திலேயே 75 விழுந்தால், வெளியேற வேண்டும். கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடுக்கும் அளவுகள் இவை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. கனமழைக் காலத்தில் ராத்திரி படுக்குமுன் டின்னை ஒரு தடவை பாருங்கள். அம்மா அப்பாவோடு எந்த வீட்டுக்கு, எந்தப் பாதையால் போவது என்பதை மழை தொடங்கும் முன்பே பேசி வையுங்கள்.